அக்கா மாதிரியே ஒருத்தி

வாரப் பத்திரிகை ஒன்றில் மெய்ப்புத் திருத்தும் வேலை சின்னவளுக்கு. ஊரார் எழுதியதில் கொம்பு விட்டுப்போயிருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது பிழைப்பு. கதை எழுதுவது உயிர். ஒரு காலத்தில் அவள் கதை வந்த வாரம் அலுவலகத்துக்குப் பாராட்டுக் கடிதங்கள் வரும். இப்போது ரெண்டு வருஷமாகப் பேனா மக்கர் பண்ணியது. உட்கார்ந்தால் ஒரு பத்தி வரும், அதையும் மறுநாள் காலையில் படித்தால் அவளுக்கே கொட்டாவி வரும்.

ஆசிரியர் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மனுஷர் நல்லவர்தான், ஆனால் வாயில் வடிகட்டி கிடையாது.

"உன் கதையில எப்பவும் ஒரு பொம்பளை ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கிட்டே இருக்கா. அவளை முதல்ல எழுப்பி வெளியே அனுப்பும்மா. பேப்பரைப் படி. எங்கேயோ பாலம் இடியுது, கரையில திமிங்கலம் ஒதுங்குது, எவனோ ஒருத்தன் அருங்காட்சியகத்துலேர்ந்து சிலையைத் தூக்கிட்டு ஓடறான். விஞ்ஞானப் பக்கம்னு ஒண்ணு வருதே, அதை யாராவது பார்க்கிறீங்களா? எல்லாம் கதைதான். உனக்குன்னு ஒரு பக்கம் ஒதுக்கறேன். பேரு கூட வெச்சாச்சு, 'செய்தியில் முளைத்த கதை'. முளைக்கலைன்னா வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான்."

சின்னவள் விழுந்து விழுந்து படித்தாள். பாலத்தை எழுதிப் பார்த்தாள், எழுந்து நிற்கவே இல்லை. திமிங்கலத்தை எழுதினாள், அது கரையில் செத்த மாதிரியே காகிதத்திலும் செத்தது. சிலை திருடியவனுக்கு ஒரு அம்மாவைக் கொடுத்தாள், அந்த அம்மா ஜன்னல் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அத்தானுக்கு அடிபட்டது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் அது ஓடும் குழிக்குள் இறங்கிச் சரி பண்ணுகிறவர். ஒரு நாள் கால் வழுக்கி விழுந்தார். பெரிய உயரமில்லை, ஆனால் தலை இரும்புச் சட்டத்தில் மோதியது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, தையல் போட்டு, "கொஞ்ச நாள் குழப்பமா இருக்கும், ஓய்வெடுக்கட்டும்" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பு தேறியது. பேச்சு சரியாக இருந்தது, நடை சரியாக இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

ஒரு சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். குரலை அடக்கி, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினாள்.

"சின்னவளே, யார்கிட்டயும் சொல்லாதே. அவர் என்னைப் பார்த்து நீங்க யாருன்னு கேட்கிறார்டி."

"ஞாபகம் போயிடுச்சா?"

"அதான் இல்ல. என் பேரு தெரியுது, கல்யாணம் ஆன நாள் தெரியுது. 'நீங்க பார்க்க என் பொண்டாட்டி மாதிரியே இருக்கீங்க, ஆனா அவ இல்ல. அவ எங்கே?'ங்கிறார். மரியாதையா வேற கேட்கிறார். இத்தனை வருஷத்துல என்னை ஒரு நாளாவது வாங்க போங்கன்னு கூப்பிட்டிருப்பாரா?"

சொல்லிவிட்டு அக்கா அழுதாள். இந்தப் பக்கம் சின்னவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது அக்காவுக்காக வந்த சிலிர்ப்பு இல்லை. ரெண்டு வருஷமாகத் தட்டித் தட்டித் திறக்காத கதவு ஒன்று உள்ளே திறந்துகொண்ட சிலிர்ப்பு. அவளுக்கே ஒரு நொடி வெட்கமாக இருந்தது. ஒரு நொடிதான்.

மறுநாள் அலுவலகத்தில் பழைய பேப்பர் கட்டுகளையெல்லாம் பிரித்து விஞ்ஞானப் பக்கங்களைத் தேடினாள். கிடைத்தது. தலையில் அடிபட்ட சிலருக்கு இப்படி ஆவதுண்டாம். முகம் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் 'இது நம்ம ஆள்' என்று உள்ளே பொங்குகிற பாசம், அது மட்டும் வராது. பாசம் வராததால், இது அவள் இல்லை, அவளைப் போல வேஷம் போட்டு வந்த யாரோ என்று மூளை தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடும். கட்டுரை இன்னும் சொன்னது. சீக்கிரம் நரம்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோயாளியோடு வாதாடக் கூடாது, ஆமாம் என்று தூபமும் போடக் கூடாது. மருந்தும் நிம்மதியும் கிடைத்தால் பலருக்குக் குறைந்துவிடும். முகத்தை நம்பாதவர்கள் சில சமயம் குரலை நம்புவார்கள், பக்கத்து அறையிலிருந்து பேசியே பாசத்தை மீட்டவர்கள் உண்டு.

சின்னவள் அந்தப் பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். கட்டுரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. இன்னும் ரெண்டு நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம், அதற்குள் கொஞ்சம் பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். அந்த ரெண்டு நாள் முடியவே இல்லை.

அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் இருந்தாள். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, கை மிஷினால் ஒரே ஓட்டமாக வெட்ட வேண்டும். கைக்குக் கம்பிக் கையுறை கொடுப்பார்கள். வலது கைதான் மிஷினை ஓட்டும். அந்தப் பிரிவில் அவள் வெட்டு என்றால் தைக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். லீவு முழுக்க ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துபோயிருந்தது.

"நீ வேலைக்குப் போ. மத்தியானத்துக்கு மேல நான் வந்து அத்தானைப் பார்த்துக்கறேன். மெய்ப்பை இங்கேயே கொண்டுவந்து திருத்திக்கறேன்" என்றாள் சின்னவள்.

அக்கா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ இல்லைன்னா நான் எங்கே போவேன்."

பிறகு அக்காவே, "டாக்டர்கிட்ட மறுபடி கூட்டிட்டுப் போகணுமோன்னு யோசிக்கறேன். ஆனா பைத்தியம்னு எழுதிக் கொடுத்துட்டா கம்பெனியில திரும்ப எடுக்க மாட்டாங்க. நீ நாலு விஷயம் படிச்சவ. என்னடி பண்ணலாம்?" என்றும் கேட்டாள்.

"அவசரப்படாதே அக்கா. கொஞ்ச நாள் பார்ப்போம்" என்றாள் படித்தவள்.

அத்தானிடம் சின்னவளுக்குச் சிக்கலே இல்லை. அவளை அவளாகவே பார்த்தார். பொண்டாட்டியிடம்தான் கோளாறு. பகலெல்லாம் கட்டிலில் சாய்ந்து, ஸ்க்ரூ டிரைவர்களைத் துணியால் துடைத்து அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருப்பார். சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

"அத்தான், அது அக்கா இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் குரலைத் தாழ்த்துவார். "படியேறி வர்ற சத்தம் அச்சு அசலா அவ சத்தமாவே இருக்கு. அதான் சந்தேகமே. உண்மையான ஆளுக்கு ஒரு நாளாவது நடை மாறும்ல? இவ நல்லா பழகிக்கிட்டு வந்திருக்கா."

இன்னொரு நாள், "என் பொண்டாட்டி கோபம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டா. இவ நான் என்ன சொன்னாலும் அழறா. வேலைக்குப் புதுசு போல" என்றார்.

சின்னவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இப்படி ஒரு வசனம் தலைகீழாக நின்றாலும் தன்னால் யோசிக்க முடியுமா? அவர் ஓய்ந்தால் கிண்டினாள். கண்ணு எப்படி இருக்கு அத்தான், சிரிப்பு எப்படி, உங்க பக்கத்துல படுத்தா பயமா இருக்கா? கிண்டக் கிண்ட அவருக்குக் காரணங்கள் பெருகின. முன்பு குழப்பமாக இருந்தது இப்போது வழக்கறிஞர் வாதம் போல உறுதியாகிக்கொண்டு வந்தது. அக்கா வீடு திரும்புகிற நேரத்துக்கு அவர் முகம் இறுகியிருக்கும். அக்கா தட்டு வைத்தால் முதலில் அவள் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அக்கா சாப்பிட்டுக் காட்டினாள், எல்லா நாளும்.

கதை கடகடவென்று வளர்ந்தது. ஜன்னல் பக்கத்துப் பொம்பளை எழுந்தே போய்விட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் அக்கா தொழிற்சாலையிலிருந்து போன் பண்ணினாள். சின்னவள் கை ஈரமாக இருந்ததால் அத்தானே எடுத்தார். குரலைக் கேட்டதும் அந்த மனுஷர் முகம் மலர்ந்த விதத்தைச் சின்னவள் அதற்கு முன்னால் எங்கேயும் பார்த்ததில்லை.

"எங்கடி போய்த் தொலைஞ்சே நீ? எத்தனை நாளாச்சு! இங்க ஒருத்தி வந்து உட்கார்ந்துக்கிட்டு உன் புடவையையெல்லாம் கட்டிக்கிறா. நான் ஒண்ணும் பேசறதில்ல. நீ சீக்கிரம் வந்துடு."

அந்தப் பக்கம் மிஷின் இரைச்சலுக்கு நடுவே அக்கா அழுவது சின்னவளுக்கும் கேட்டது. பிறகு அக்கா தேற்றிக்கொண்டு, "வந்துடறேங்க. அதுவரைக்கும் வேளைக்குச் சாப்பிடுங்க. அந்தப் பொம்பளையும் பாவம், திட்டாதீங்க" என்றாள்.

கட்டுரையில் சொன்னது கண்ணெதிரே நடந்தது. அன்றிலிருந்து அக்கா தினமும் சாப்பாட்டு இடைவேளையில் போன் பண்ணினாள். காதலிக்கிற பெண் மாதிரி அதற்கென்றே காத்திருந்தாள். யாரும் சொல்லாமலே வழியைக் கண்டுபிடித்துவிட்டாள். நாள் போகப் போக அத்தானிடம் இறுக்கம் தளர்ந்தது. ஒரு சாயங்காலம் அக்கா அடுப்படியிலிருந்து ஏதோ சொல்ல, இவர் திரும்பிப் பார்க்காமலே "சரிடி" என்றார். அக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள். இன்னொரு நாள் அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நீங்க... நீ போன்ல பேசினியா?" என்று கேட்டார்.

அக்கா அன்று சின்னவளை வாசலில் கட்டிக்கொண்டு, "தேறிடுவார்டி" என்றாள்.

சின்னவளும் கட்டிக்கொண்டாள். ஆனால் வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. கதைக்கு முடிவு வரவில்லை. முடிவு வருவதற்குள் மனுஷர் தேறிவிட்டால்? 'குரலைக் கேட்டான், குணமானான்' என்று முடித்தால் எவன் படிப்பான்? பல் தேய்க்கிற விளம்பரம் மாதிரி இருக்கும். ஆசிரியர் வேறு இந்த வாரம் தர்றியா இல்லையா என்று கழுத்தில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அக்காவின் போன் வந்து போன பிறகு, அத்தான் சிரித்த முகமாக ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் மெய்ப்புத் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அத்தான், ஒண்ணு சொன்னா பதற மாட்டீங்களே? போன்ல பேசறதும் இவதான். குரலையும் பழகிக்கிட்டா."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். துணியை மடித்து வைத்தார். பிறகு, "அப்போ அவளை என்ன பண்ணாங்க?" என்று கேட்டார். குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார். அதுவே முடிவு வரியாக இருக்கலாமோ என்று சின்னவள் யோசித்தாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் படியில் அக்காவின் காலடி கேட்டது. சாவி திரும்பியது. கதவு ஒரு சாண் திறந்ததும் அத்தான் கட்டிலிலிருந்து பாய்ந்தார். லிஃப்ட் கதவுகளை வெறுங்கையால் நெம்பித் திறந்து பழகிய உடம்பு. முழுப் பலத்தோடு கதவின்மேல் சாய்ந்தார். அக்காவின் வலது கை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தது.

"நான்தாங்க! நான்தாங்க!" என்று வெளியிலிருந்து அக்கா அலறினாள்.

"குரலைக் காட்டாதேடி! என் பொண்டாட்டி எங்கே?"

அவர் இன்னும் அழுத்தினார். எலும்பு நொறுங்கும் சத்தம் சின்னவளுக்குக் கேட்டது. அவள் எழுந்து நின்றாள். ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுத்தாள்தான், ஆனால் உடனே இல்லை. அக்கா வலியில் கத்தும்போதுகூட 'ஐயோ' என்று கத்தாமல் 'நான்தாங்க' என்றே கத்துகிறாளே என்று கவனிக்கிற அளவுக்கு நின்றிருந்துவிட்டுத்தான் இழுத்தாள்.

அக்காவின் மூன்று விரல்கள் திரும்பச் சரியாக மடங்கவில்லை. கை மிஷினைப் பிடிக்க முடியாது என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். அத்தானை அவருடைய அண்ணன் வந்து மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கிருந்த டாக்டர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆரம்பத்துலயே வந்திருக்கலாமேம்மா. குரலை நம்பிக்கிட்டிருந்தவர் திடீர்னு ஏன் மாறினார்னுதான் புரியலை" என்றார்.

அக்கா கட்டுப் போட்ட கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "நான்தான் மறைச்சேன். மானம் போயிடும்னு மறைச்சேன். என் தப்பு."

"உன் தப்பு இல்ல அக்கா. யாருக்கு என்ன தெரியும்" என்று சின்னவள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கதை வந்தது. அச்சான அன்றே பேச்சாகிவிட்டது. போன் ஓயவில்லை. ஆசிரியர் இனிப்பு வாங்கி வந்து அலுவலகம் முழுக்கக் கொடுத்து, "பார்த்தியா, பேப்பரைப் படின்னு சொன்னேன்ல" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். ஒரு மருத்துவர் சங்கத்திலிருந்து பேசக் கூப்பிட்டார்கள். சின்னவள் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போய்ப் பேசினாள். கைதட்டினார்கள்.

அக்காவுக்குப் பத்திரிகை படிக்கிற பழக்கம் கிடையாது, அது சின்னவளுக்குத் தெரியும். ஆனால் அக்கா ஒரு நாள் கையுறையையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுக்கத் தொழிற்சாலைக்குப் போனாள். சாப்பாட்டு இடைவேளை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, ஒருத்தி உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். படியேறி வருகிற சத்தம் அச்சு அசலாக இருக்கிறது, அதுதான் சந்தேகம். அக்கா கதவோரமாக நின்று கடைசி வரை கேட்டாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் பத்திரிகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

சின்னவள் அப்போது அக்கா வீட்டு அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கை ஆகாத அக்காவுக்காக அதையும் செய்துகொண்டுதான் இருந்தாள். அக்கா பத்திரிகையை மேடைமேல் வைத்தாள்.

"இதுல டாக்டர் சொல்றதெல்லாம் நிஜமா? குரல்ல கூப்பிட்டா சரியாகும்னு?"

"ஆமா அக்கா. ஒரு கட்டுரையில..."

"எப்போ படிச்சே?"

சின்னவள் குழாயை மூடினாள்.

"சரி, இதைச் சொல்லு. கதையில பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வர்றா. போன்ல பேசறதும் அவதான்னு அந்தாளுக்கு ஓதிக் கொடுக்கிறா. யாருடி அது? எங்க பக்கத்து வீடு பூட்டித்தானே கிடக்கு."

"அது கதைக்காக அக்கா. கற்பனை."

"கற்பனையா?" அக்கா அந்தச் சொல்லை முதல் தடவையாகக் கேட்கிறவள் போலக் கேட்டாள். "மீதி எல்லாம் இங்க நடந்தது. நான் தட்டுல முதல் வாய் சாப்பிட்டது, அழுதது, அவர் கேட்டது. வார்த்தைக்கு வார்த்தை இருக்கு. இது ஒண்ணுதான் கற்பனையா?"

சின்னவள் அழுதாள். நிஜமாகவே அழுதாள். அக்கா அழவில்லை, கத்தவும் இல்லை. ஆறாத கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பிறகு, "அந்தக் குண்டானையும் தேய்ச்சு வெச்சுட்டுப் போ. என்னால முடியாது" என்றாள்.

அதற்குப் பிறகும் சின்னவள் தினமும் போனாள். அக்காவுக்கு வேறு ஆள் இல்லை. அக்கா அவளோடு ஒரு சொல் பேசவில்லை. தலையைக் காட்டினால் சின்னவள் பின்னிவிடுவாள், ரவிக்கையைக் காட்டினால் கொக்கி மாட்டிவிடுவாள். ரெண்டு நாள் இல்லை, மாதக்கணக்காக அக்கா பேசவில்லை.

அத்தான் தேறினார். மெதுவாக, முதலில் அக்கா போனில் பேசி, பிறகு திரைக்குப் பின்னாலிருந்து, பிறகு நேரே. வீட்டுக்கு வந்த அன்று படியேறி உள்ளே வந்ததும் அக்காவைப் பார்த்து, "என்னடி இப்படி இளைச்சுட்டே" என்றார். அக்கா சிரித்தாள். கதவு நெருக்கியது எதுவும் அவர் ஞாபகத்தில் இல்லை. டாக்டர் அம்மா முன்பே சொல்லியிருந்தார். காபி டம்ளரை அவள் இடது கையால் நீட்டியபோதுதான் வலது கையைக் கவனித்தார்.

"கையில என்ன ஆச்சு?"

சின்னவள் அலமாரி ஓரத்தில் நின்றிருந்தாள்.

"மிஷின்ல மாட்டிக்கிச்சுங்க."

"கையுறை போடலையா?"

"மறந்துட்டேன்."

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! என்னைப் பத்தியே நினைச்சுக்கிட்டு வேலை பார்த்திருப்பே" என்று அவர் அந்த விரல்களைத் தன் உள்ளங்கையில் வாங்கி, ஒவ்வொன்றாக நீவிவிட்டார். பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார். "நல்லவேளை, இவளுக்கு நீயாவது பக்கத்துல இருந்தே. நீ இல்லைன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்!"

சின்னவளுக்குக் கூசியது. கூடவே, உள்ளே எங்கேயோ, 'மறந்துட்டேன்' என்ற அந்த ஒற்றைச் சொல்லை அவள் மனசு எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. தன் கதை முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு சொல் கிடையாதே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவள், அந்த முகம் அவளுக்குத் தெரியும். மாதக்கணக்கில் பேசாதவள் வாயைத் திறந்தாள்.

"எழுதிக்கோ" என்றாள்.

"எழுதட்டுமே, நல்லா எழுதுவாளே" என்று அத்தான் சிரித்தார்.

சின்னவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது ஆசிரியர் போன் வந்தது. அந்தக் கதையிலேயே இன்னொரு பாகம் வேண்டும் என்று வாசகர்கள் கேட்கிறார்களாம், ஏதாவது இருக்கிறதா என்றார். அவள் பஸ் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

"இருக்கு சார்" என்றாள்.